80.3 மீட்டர்: சர்தார் சரோவரில் நிபந்தனைகளை யார் கண்காணித்தார்கள்?

குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே நிற்கிற சர்தார் சரோவர் அணையின் முழு நீர்மட்டம் 138.68 மீட்டர். செய்திகளில் அடிபடுவது இந்த எண்தான். ஆனால் சில மாதங்களாக இந்தத் திட்டம் பற்றிய அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் வாசித்து வரும் எனக்கு இன்னொரு எண்தான் முக்கியமாகப் படுகிறது. 80.3 மீட்டர். 1995 மே மாதம் தொடங்கி 1999 பிப்ரவரி வரை, ஏறத்தாழ நான்கு வருடம், அணை அந்த உயரத்தைத் தாண்டவில்லை. (இந்த மீட்டர் கணக்கெல்லாம் கடல் மட்டத்திலிருந்து. ஆற்றுப் படுகையிலிருந்து இல்லை.)

அணை கட்டுவது சரியா தப்பா என்கிற விவாதத்துக்குள் இந்தக் கட்டுரையில் நான் போகப் போவதில்லை. சௌராஷ்டிரத்திலும் கட்ச்சிலும் தண்ணீருக்குப் பட்ட பாடு உண்மை. கால்வாய் வந்த பிறகு அங்கே குடிநீர் போய்ச் சேர்ந்ததும் உண்மை. என் கேள்வி வேறு. இந்தத் திட்டத்துக்கு நிபந்தனைகள் இல்லாமல் இல்லை, ஏகப்பட்டது இருந்தது. நடுவர் மன்றத் தீர்ப்பில் இருந்தது, உலக வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் இருந்தது, சுற்றுச்சூழல் அனுமதியில் இருந்தது. அத்தனையையும் கண்காணிக்க ஆட்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஏன் பல வருடம் ஒன்றும் நிற்கவில்லை? பிறகு எது போய் 80.3-ல் நிறுத்தியது?

மூன்று தாள்கள்

முதல் தாள், நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றத்தின் தீர்ப்பு. மன்றம் 1969-ல் அமைக்கப்பட்டது. தலைவர் நீதிபதி வி. ராமசாமி. (1990-களில் நாடாளுமன்றப் பதவிநீக்கத் தீர்மானத்தைச் சந்தித்த நீதிபதி வி. ராமசாமி வேறு ஒருவர். பெயரைப் பார்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பத்து வருடம் கழித்து, 1979 டிசம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆற்றில் 28 மில்லியன் ஏக்கர் அடி நீர் இருப்பதாக வைத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துக்கு 18.25, குஜராத்துக்கு 9, ராஜஸ்தானுக்கு 0.5, மகாராஷ்டிரத்துக்கு 0.25 என்று பிரித்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் தண்ணீர்ப் பங்கீட்டைவிட என்னை இழுத்தது மறுவாழ்வுப் பகுதி. நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம். 18 வயது நிரம்பிய மகன் தனிக் குடும்பம். செலவு முழுக்க குஜராத்துடையது. இதற்கெல்லாம் மேலே ஒரு ஷரத்து: நீர்மட்டம் ஒவ்வொரு கட்டமாக உயரும்போதும், அந்தக் கட்டத்தில் மூழ்கப் போகிறவர்களுக்கான நிலமும் வீட்டுமனையும் ஒரு வருடம் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும், மறுவாழ்வு ஏற்பாடு முடியாமல் மத்தியப் பிரதேசத்திலோ மகாராஷ்டிரத்திலோ எந்தப் பகுதியும் மூழ்கக் கூடாது. 'கட்டம் கட்டமாக' என்கிற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை செய்யப் போவது அதுதான்.

இரண்டாவது தாள், 1985 மே மாதம் உலக வங்கியுடன் கையெழுத்தான கடன் ஒப்பந்தங்கள். அணைக்கும் கால்வாய்க்குமாகச் சேர்த்து 45 கோடி டாலர். இடம்பெயர்கிறவர்களின் வாழ்க்கைத் தரம் முன்பிருந்ததைவிடக் குறையக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. சுற்றுச்சூழல் பணித் திட்டத்தை 1985 முடிவதற்குள் தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. கட்டாய மறுகுடியமர்வு பற்றி 1980-லேயே கொள்கை வகுத்துவிட்டிருந்தது வங்கி. ஆக, இதெல்லாம் போகிற போக்கில் சேர்த்த வரிகள் இல்லை.

மூன்றாவது தாள், 1987 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தந்த நிபந்தனையுடன் கூடிய அனுமதி. வழக்கமாக ஆய்வு முடிந்த பிறகுதான் அனுமதி வரும். இங்கே அனுமதி முதலில் வந்துவிட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதி, காடு, உடல்நலம் பற்றிய ஆய்வுகளை 1989-க்குள் முடித்துத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டது. கட்டுமானமும் ஆய்வும் சம வேகத்தில் நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார்கள்: 'பாரி பாசு'. இணையாக நடப்பது என்று பொருள். இந்தியச் சட்ட வரலாற்றில் இந்தச் சொல் இவ்வளவு தூரம் நடந்தது இந்தத் திட்டத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எண்ணாமல் போட்ட கையெழுத்து

வாழ்க்கைத் தரம் முன்பிருந்ததைவிடக் குறையக் கூடாது. நல்ல நிபந்தனைதான். ஆனால் ஒரு வருடம் கழித்து அது நிறைவேறியதா என்று பார்க்கப் போகும் ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? 'முன்பு' எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு நிலம், காட்டிலிருந்து என்ன கிடைத்தது, ஆற்றிலிருந்து என்ன கிடைத்தது.

1985-ல் கையெழுத்து போடும்போது அந்தக் கணக்கு யாரிடமும் முழுதாக இல்லை. நடுவர் மன்றம் வைத்திருந்த குடும்பக் கணக்கு சில ஆயிரங்களில் இருந்தது. பிற்பாடு பார்த்தால் மூழ்கும் கிராமங்களே 245: குஜராத்தில் 19, மகாராஷ்டிரத்தில் 33, மத்தியப் பிரதேசத்தில் 193. ஆட்கள் குறைந்தது ஒரு லட்சம். கால்வாய் தோண்டுவதற்காக நிலம் இழக்கும் விவசாயிகள் இதில் சேர்த்தி இல்லை. அவர்கள் அந்த ஒப்பந்தத்தின் மறுவாழ்வுக் கணக்கிலேயே வரவில்லை.

அடுத்த சிக்கல், யார் 'நிலம் உள்ளவர்' என்பது. மலைக் கிராமங்களில் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தில் பெரும்பகுதி பதிவேட்டில் காட்டு நிலம். தாத்தா காலத்திலிருந்து சோளம் விதைத்த ஆளுக்கு அரசுத் தாளில் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. அவருக்கு 2 ஹெக்டேர் உண்டா? நடுவர் மன்றத் தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து படித்தால் இல்லை என்று வாதிடலாம். வங்கியின் நிபந்தனையைப் படித்தால் உண்டு என்று வாதிடலாம். ஒரே மனிதர் ஒரு தாளில் உரிமையுள்ளவர், இன்னொரு தாளில் இல்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்காணிப்பால் பலனே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. வங்கியின் அழுத்தமும், குஜராத் மலைக் கிராமங்களில் வேலை செய்த ஆர்ச் வாஹினி போன்ற அமைப்புகளின் போராட்டமும் சேர்ந்து, 1987 டிசம்பரில் குஜராத் தன் கொள்கையை மாற்றியது. நிலமற்றவர், ஆக்கிரமிப்பாளர் என்று எழுதப்பட்டவர், வயது வந்த மகன் எல்லோருக்கும் 2 ஹெக்டேர் என்றது. தாளளவில் அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் மகாராஷ்டிரமும் மத்தியப் பிரதேசமும் அந்த அளவுக்கு வரவில்லை. மூழ்கும் கிராமங்களில் பெரும்பகுதி இருந்ததோ அங்கேதான்.

அறிக்கைகள் எழுதப்பட்டன

கண்காணிக்க ஆள் இல்லாமல் இல்லை என்றேன் அல்லவா? ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வெளி நிறுவனம் நியமிக்கப்பட்டிருந்தது. குஜராத்துக்கு சூரத்தில் உள்ள சமூக ஆய்வு மையம். மகாராஷ்டிரத்துக்கு பம்பாயின் டாடா சமூக அறிவியல் நிறுவனம். மத்தியப் பிரதேசத்துக்கு சாகரில் உள்ள ஹரிசிங் கௌர் பல்கலைக்கழகம். இவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள், கணக்கெடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். இவர்களுக்கு மேலே மாநில அரசுகளும் மத்திய அரசும் சேர்ந்த நர்மதை கட்டுப்பாட்டு ஆணையம். அதற்கும் மேலே வங்கியின் மேற்பார்வைக் குழுக்கள். அவையும் வந்து பார்த்து எழுதின.

சரி, எழுதி என்ன ஆயிற்று? 1985 முடிவதற்குள் வர வேண்டிய சுற்றுச்சூழல் பணித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வரவில்லை. தவணை 1989-க்குத் தள்ளிப் போடப்பட்டது. அப்போதும் முழுதாக வரவில்லை. 1992-லும் முடிந்தபாடில்லை. இதற்கிடையில் அணையில் கான்கிரீட் கொட்டும் வேலை எந்தத் தவணையும் கேட்காமல் நடந்தது.

பணம் தருவதை நிறுத்தி வைக்கும் உரிமை கடன் ஒப்பந்தப்படி வங்கிக்கு உண்டு. அந்தக் கத்தி உறையிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது, ஆனால் வீசப்படவில்லை. ஏன்? அதற்கான பதில் நர்மதையில் கிடைக்காது. வாஷிங்டனில்தான் தேட வேண்டும்.

வங்கியே எழுதிய இரண்டு வாக்குமூலங்கள்

1980-களின் இறுதியில் நர்மதை பச்சாவோ ஆந்தோலன் வலுவாக எழுந்தது. 1989-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் விசாரணை நடந்தது. 1990-ல் ஜப்பான் தன் நிதியைத் திரும்பப் பெற்றது. 1990 டிசம்பரில் தொடங்கிய நெடும்பயணம் குஜராத் எல்லையில் ஃபெர்குவா என்ற இடத்தில் தடுத்து நிறுத்தப்பட, மேதா பட்கரும் மற்றவர்களும் 22 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அழுத்தம் தாங்காமல் வங்கித் தலைவர் பார்பர் கோனபிள் 1991-ல் தன்னாட்சி மதிப்பாய்வுக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ். துணைத் தலைவர், கனடாவின் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர். தான் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு திட்டத்தை வெளியாட்களை விட்டு விசாரிக்கச் சொன்னது வங்கியின் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

1992 ஜூனில் அறிக்கை வந்தது. 350 பக்கத்துக்கு மேல். அதன் சாரம்: திட்டம் இப்போதிருக்கும் நிலையில் குறைபாடு உடையது, இடம்பெயரும் அனைவருக்கும் மறுவாழ்வு தருவது நடப்புச் சூழலில் முடியாது, சுற்றுச்சூழல் பாதிப்புகள் சரியாக ஆராயப்படவில்லை, வங்கி விலகி நின்று யோசிப்பது நல்லது. குற்றம் கடன் வாங்கியவருடையது மட்டும் அல்ல, தன் விதியைத் தானே அமல்படுத்தாத வங்கிக்கும் பங்கு உண்டு என்று சொன்னதுதான் பலரையும் அதிர வைத்தது.

அதே வருடம் வங்கிக்குள்ளேயே இன்னொரு அறிக்கையும் வந்தது. நர்மதையோடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது. வங்கியின் துணைத் தலைவர் வில்லி வாபன்ஹான்ஸ் தலைமையில், கடன் கொடுத்த திட்டங்களெல்லாம் எப்படி நடக்கின்றன என்று பார்த்த குழு அது. 1991-ல் மதிப்பிடப்பட்ட முடிந்த திட்டங்களில் 37.5 விழுக்காடு திருப்தியாக இல்லை. கடன் ஒப்பந்தங்களில் எழுதப்பட்ட நிதி நிபந்தனைகளில் 22 விழுக்காடுதான் கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. திரும்பப் படியுங்கள்: மீறப்பட்டது 22 இல்லை, கடைப்பிடிக்கப்பட்டதுதான் 22.

காரணத்தையும் அந்தக் குழுவே சொன்னது. வங்கியில் நல்ல பெயர் கிடைப்பது கடனுக்கு ஒப்புதல் வாங்கித் தருகிறவருக்கு. ஒப்புதலுக்குப் பிறகு திட்டத்தின் பின்னாலேயே அலைகிறவருக்கு இல்லை. நம்ம ஊர் வழக்கில் சொன்னால், கல்யாணம் வரை ஆயிரம் பொருத்தம் பார்ப்பார்கள், தாலி கட்டியாச்சுன்னா அவங்க பாடு. ஒப்புதல் கூட்டத்தில் யாராவது மறுவாழ்வு பற்றிக் கேட்டால், 'ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறது' என்று பதில் சொல்லலாம். அந்த இடத்திலேயே ஷரத்து தன் வேலையை முடித்துவிடுகிறது. கிராமத்தில் அது செய்ய வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது.

நர்மதையில் நடந்தது யாரோ சில அதிகாரிகளின் அலட்சியம் என்று நினைத்தவர்களுக்கு இந்த இரண்டாவது அறிக்கைதான் பதில். அது அங்கே வழக்கமாகவே இருந்தது.

ஆறு மாதத் தவணை

மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகும் வங்கி உடனே விலகவில்லை. 1992 அக்டோபரில் வாரியம் கூடியது. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளின் பிரதிநிதிகள் எதிர்த்தும், கடனைத் தொடர்வது என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. ஆனால் இந்த முறை நிபந்தனையின் வடிவம் மாறியிருந்தது. 1993 மார்ச் இறுதிக்குள் இன்னின்ன வேலை முடிந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் கடன் நிற்கும் என்று அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. 1985-ல் போட்ட ஒப்பந்தத்தில் முதல் தடவையாகத் தேதியும் விளைவும் ஒரே வாக்கியத்தில் வந்தது எட்டாவது வருடத்தில்!

தவணை முடிவதற்கு ஒரு நாள் முன்பு, 1993 மார்ச் 30 அன்று, மீதிப் பணம் வேண்டாம் என்று இந்தியா அறிவித்தது. 45 கோடியில் சுமார் 17 கோடி டாலர் அப்போது வாங்கப்படாமல் இருந்தது. யாரும் யாரையும் வெளியேற்றியதாக ஆகவில்லை. இரு தரப்புக்கும் மரியாதை காப்பாற்றப்பட்டது.

வங்கியின் பொது நிபந்தனைகளின்படி, கடனின் ஒரு பகுதி ரத்தானாலும் மற்ற ஷரத்துகள் உயிரோடுதான் இருக்கும். அதாவது 28 கோடி டாலர் வாங்கியாகிவிட்டது, மறுவாழ்வுக் கடமையும் கூடவே தொடர்கிறது. ஆனால் கொடுக்க மிச்சப் பணம் இல்லாத வங்கியின் பேச்சை யார் கேட்பார்கள்? பல் பிடுங்கிய பாம்பு. மேற்பார்வைக் குழுக்கள் வருவதும் நின்றது. 1993 மழைக்காலத்தில் மகாராஷ்டிரத்தின் மணிபேலி கிராமத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது ஷரத்து உயிரோடுதான் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கதையால் உலகத்துக்கு ஒரு நன்மை நடந்தது. 1993 செப்டம்பரில் வங்கி 'இன்ஸ்பெக்ஷன் பேனல்' என்ற அமைப்பை உருவாக்கியது. வங்கி தன் விதிகளை மீறியதால் பாதிக்கப்பட்ட மக்கள், தங்கள் அரசைத் தாண்டி நேரடியாகப் புகார் கொடுக்கலாம். மற்ற வளர்ச்சி வங்கிகளும் பிற்பாடு இதே வழியில் போயின.

ஷரத்து சுவரோடு கட்டப்பட்டபோது

1994-ல் நர்மதை பச்சாவோ ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போனது. 1995-ல் நீதிமன்றம் 80.3 மீட்டரில் நிறுத்தியது.

நீதிமன்றத்திடம் புதிதாக எந்தத் தகவலும் இருந்ததாக எனக்குப் படவில்லை. மோர்ஸ் எழுதியது, கண்காணிப்பு நிறுவனங்கள் எழுதியது, ஆந்தோலன் சொன்னது எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. இந்த முறை நிபந்தனை கட்டப்பட்ட இடம் சுவர். மறுவாழ்வு நடக்கவில்லை என்றால் கடிதம் போகும், தவணை நீளும் என்று இருந்தது மாறி, மறுவாழ்வு நடக்கவில்லை என்றால் கான்கிரீட் ஏறாது என்று ஆனது. 1979 தீர்ப்பில் இருந்த 'கட்டம் கட்டமாக' என்ற வார்த்தை பதினாறு வருடம் கழித்து வேலைக்கு வந்தது. உயரம் என்பது யாரும் ஏமாற்ற முடியாத கணக்கு. அளவு நாடா வைத்துப் பார்த்துவிடலாம்.

1999 பிப்ரவரியில் 85 மீட்டருக்கு அனுமதி. 2000 அக்டோபர் 18 அன்று இறுதித் தீர்ப்பு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். பெரும்பான்மை சார்பில் நீதிபதி கிர்பால் எழுதினார்: 90 மீட்டர் வரை கட்டலாம், அதற்கு மேல் ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுவாழ்வு, சுற்றுச்சூழல் துணைக் குழுக்களின் அனுமதி வேண்டும், குறைதீர்ப்பு ஆணையங்களையும் கலந்து பேச வேண்டும். நீதிபதி பருச்சா மாறுபட்டார்: தேவையான தரவு இல்லாமலேயே 1987-ல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டிருக்கிறது, எனவே அதை முறைப்படி பரிசீலித்து முடிக்கும் வரை கட்டுமானம் நிற்க வேண்டும் என்றார்.

பாரி பாசு இப்போது நீதிமன்ற உத்தரவே ஆகிவிட்டது. ஆனால் கவனியுங்கள், இணையாக நடக்க வேண்டிய இரண்டில் ஒன்றை மீட்டரில் அளக்கிறோம். மற்றதை எதில் அளப்பது? மாநில அரசுகள் தாங்களே தயாரித்துத் தரும் 'எடுத்த நடவடிக்கை அறிக்கை'யில். இத்தனை குடும்பம், இத்தனை பேருக்கு நிலம், மீதி பூஜ்யம், கையெழுத்து. அதைப் பார்த்து அனுமதி. 2002-ல் 95 மீட்டர், 2003-ல் 100, 2004-ல் 110.64, 2006-ல் 121.92.

2006 மார்ச்சில் 121.92-க்கு அனுமதி வந்ததும் டெல்லியில் மறுபடி உண்ணாவிரதம். சைஃபுதீன் சோஸ் உள்ளிட்ட மத்திய அமைச்சர்கள் மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கு நேரில் போனார்கள். திரும்பி வந்து அவர்கள் கொடுத்த குறிப்பின் சாரம், நடவடிக்கை அறிக்கைகள் பெரும்பாலும் தாள் வேலை, களத்தில் இருப்பது வேறு என்பதே. பிறகு வி.கே. ஷுங்லு தலைமையில் ஒரு மேற்பார்வைக் குழு போடப்பட்டது. அணை அந்த வருடக் கடைசியிலேயே 121.92-ஐத் தொட்டது.

பத்திரம் கேட்டால் பத்திரம் வரும்

மத்தியப் பிரதேசம் நிலத்துக்குப் பதிலாகப் பணம் தரும் சிறப்புத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. பணம் தவணைகளில் வரும். முதல் தவணையில் நிலம் பேசி, வாங்கியதற்கான கிரயப் பத்திரத்தைக் காட்டினால் அடுத்த தவணை. பணம் வேறு வழியில் செலவாகாமல் நிலமாகவே மாற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த சோதனைதான்.

என்ன நடந்தது? பத்திரங்கள் வந்தன. இல்லாத நிலத்துக்கும் வந்தன, விற்காத ஆளின் பெயரிலும் வந்தன. தரகர்கள் நுழைந்தார்கள். விவகாரம் முற்றி, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஜா தலைமையிலான ஆணையம் 2008 முதல் விசாரித்தது. 2016-ல் அறிக்கை கொடுத்தது. போலிப் பத்திரங்கள் இருந்ததை அது உறுதி செய்தது.

சோதிக்கிறவர் தாளைத்தான் பார்ப்பார் என்று தெரிந்துவிட்டால், தாள் தயாரிக்கும் தொழில் பக்கத்திலேயே முளைத்துவிடும். வாங்கிய நிலத்தில் அந்தக் குடும்பம் ஏர் பூட்டியதா என்று ஒரு போகம் கழித்துப் போய்ப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அதற்கு ஆளும் நேரமும் வேண்டும்; அதற்கிடையே அணை நின்றாக வேண்டும். அந்த நிற்றலுக்குத்தான் யாரும் தயாராக இல்லை.

2014 ஜூனில் மதகுகளுடன் 138.68 மீட்டருக்கு அனுமதி கிடைத்தது. 2017 ஜூனில் மதகுகள் மூடப்பட்டன. அதற்கு நான்கு மாதம் முன்பு, 2017 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: நிலம் கிடைக்காமலே இருக்கும் 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய்; ஏற்கெனவே பணம் வாங்கி ஏமாந்து போன 1,358 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம். இரண்டாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள். இவர்களெல்லாம் எந்தெந்த நடவடிக்கை அறிக்கையில் 'மீதி பூஜ்யம்' என்று எழுதப்பட்டவர்கள்? 1979 தீர்ப்புப்படி இவர்களுக்கான நிலம் மூழ்குவதற்கு ஒரு வருடம் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும். சுவர் முடிந்துவிட்டது, ஷரத்து முடியவில்லை.

2019 செப்டம்பரில் முதல் தடவையாக அணை முழுக் கொள்ளளவை எட்டியது.

எனக்குத் தங்கியது

இவ்வளவையும் வாசித்த பிறகு ஒப்பந்தம் எதைப் படித்தாலும் நிபந்தனை எவ்வளவு நல்லது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அது நிறைவேறாவிட்டால் மறுநாள் காலையில் எது நிற்கும் என்று பார்க்கிறேன். கடிதம் போகும், குழு கூடும், தவணை நீளும் என்றால் அந்த நிபந்தனை ஒப்புதல் வாங்குவதற்காக எழுதப்பட்டது. வேலை நிற்கும், பணம் நிற்கும், சுவர் நிற்கும் என்றால்தான் அது பாதிக்கப்படுகிறவருக்காக எழுதப்பட்டது. அப்புறம்தான் மற்றது: முன்கூட்டியே எண்ணினார்களா, எண்ணியது யார், நேரில் போய்ப் பார்ப்பது யார்.

நாற்பது வருடக் கதையில் 80.3 மீட்டரில் நின்ற அந்த நாலு வருடத்தை வெறும் தாமதம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தண்ணீருக்காகக் காத்திருந்தவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் மூழ்கப் போகிற கிராமத்தில் இருந்தவருக்கு, 1979-ல் தனக்கு எழுதிக் கொடுத்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தது அந்த நாலு வருடம்தான். அந்தத் தாமதத்தை 1985-லேயே, கான்கிரீட் கொட்டும் முன்பே, மக்களை எண்ணுவதற்குச் செலவழித்திருந்தால் இரு தரப்புக்கும் மலிவாக முடிந்திருக்கும்.

இன்ஸ்பெக்ஷன் பேனலுக்கு முதலில் போன வழக்கு நேபாளத்தின் அருண் 3 நீர்மின் திட்டம். 1995-ல் வங்கி அதிலிருந்து விலகியது. அது தனிக் கதை. குறிப்புகள் எடுத்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் எழுதுகிறேன்.